ஞாயிற்றுக்கிழமைக்கு அரைப் பக்கம்

போன வருடம் டிசம்பர் கடைசி வாரத்தில் 749 ரூபாய் கொடுத்து ஒரு டைரி வாங்கினேன். ‘டைரி’ என்றால் அதைச் செய்தவர்கள் கோபித்துக்கொள்வார்கள். அட்டையில் ‘இலக்குத் திட்டப் புத்தகம் 2025’ என்றுதான் போட்டிருந்தது. இந்த டிசம்பரில் இதே மாதிரி ஒன்றை வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக, முழு வருடம் பயன்படுத்திவிட்டு இதை எழுதுகிறேன். கம்பெனி பெயரைப் போடவில்லை. என் கைக்கு வந்த ஒரே பிரதியை வைத்து யாரையும் சந்தியில் நிறுத்த எனக்கு மனசில்லை. அதோடு இந்த வகை டைரிகள் இப்போது நிறைய வருகின்றன. நான் புரட்டிப் பார்த்த இரண்டு மூன்றிலும் உள்ளே கிட்டத்தட்ட இதே சரக்குதான்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு டைரிக்குப் பஞ்சமே கிடையாது. மதுரையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். டிசம்பர் பிறந்துவிட்டால் கிளையண்டுகள் டைரியும் காலண்டரும் கொண்டுவந்து அடுக்குவார்கள். கீழமாசி வீதி பலசரக்கு மொத்த வியாபாரி ஒருவர் மட்டும் வருடா வருடம் ஆறு டைரி கொடுப்பார். சார் இரண்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தை எங்களுக்குத் தள்ளிவிடுவார். அப்படி இருக்கும்போது காசு கொடுத்து டைரி வாங்கியது தெரிந்தால் அம்மா என்ன சொல்வாள் என்று, பார்சலை ஆபீஸ் முகவரிக்கே வரவழைத்தேன்.

ஏன் வாங்கினேன்? அப்போது எனக்கு 24 வயது முடியப்போகிறது. அதுவரை மூன்று சிறுகதைகள் வெளிவந்திருந்தன. மூன்றும் நண்பர்கள் நடத்தும் சின்னப் பத்திரிகைகளில். ‘அடுத்த வருடம் எழுத்தாளர் ஆகிவிட வேண்டும்’ என்ற வேகம் டிசம்பரில் எல்லோருக்கும் வருவதுதானே, எனக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்து விளம்பரம் கண்ணில் பட்டது. ‘படைப்பாளிகளுக்கென்றே வடிவமைக்கப்பட்டது’ என்ற ஒரு வரியில் விழுந்துவிட்டேன்.

கையில் வந்தபோது அழகாகத்தான் இருந்தது. ஏ5 அளவு, தோல் மாதிரித் தெரியும் பச்சை அட்டை, எலாஸ்டிக் பட்டை, இரண்டு நாடா, பின் அட்டையின் உள்பக்கம் மடித்து ஒட்டிய ஒரு காகிதப் பை. முதல் நாற்பது பக்கம் இலக்குகளுக்கு: ஐந்தாண்டுக் கனவு, ஓராண்டு இலக்கு, காலாண்டு இலக்கு, படம் ஒட்டும் கனவுப் பலகை. அப்புறம் தேதி போட்ட பக்கங்கள். மாதத் தொடக்கத்தில் பழக்கக் கட்டங்கள், மாதக் கடைசியில் நிதி இலக்கு என்று ஒரு பக்கம்.

உள்ளே இருக்கும் தமிழைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. எழுதுகிறவர்களுக்கான டைரி என்கிறார்கள், எழுதத் தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை காட்டியிருக்கலாம். முதல் பக்கத்திலேயே ‘உங்கள் சிறந்த பதிப்பாக மாறுங்கள்’ என்கிறது. எனக்கு முதல் பதிப்பே இன்னும் வரவில்லையே! ஒவ்வொரு நாளின் தலையிலும் ‘இன்று நீங்கள் எதற்கு நன்றியுள்ளவராக இருக்கிறீர்கள்?’ என்று ஒரு கேள்வி. என் தங்கை அதை வாசித்துவிட்டு, “ஏக்கா, இது நாய்க்குப் போட்ட டைரியா?” என்றாள். அதற்குப் பிறகு அந்தக் கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்புத்தான் வந்தது. ஒருநாள்கூட நிரப்பவில்லை.

அம்மாவிடம் பத்தே நாளில் மாட்டிக்கொண்டேன். பொங்கலுக்குள் நல்ல நேரம் பார்க்க வேண்டும் என்று டைரியைப் புரட்டினாள். “ஏன்டி, இதுல ராகு காலமே இல்லையே? தமிழ்த் தேதிகூடப் போடல. இதுக்கா காசு குடுத்த?” என்றாள். விலையை நான் கடைசிவரை சொல்லவில்லை. அவளுக்குச் சிவகாசி நாட்காட்டியைக் கிழித்துப் பார்த்தால்தான் நாள் பிறக்கும். ஆனால் அவள் சொன்னதில் நியாயம் இருந்தது என்று பிறகு தெரிந்தது. விடுமுறைப் பட்டியலில் தீபாவளி அக்டோபர் 21 என்று அச்சிட்டிருந்தார்கள். நமக்கு 20, திங்கட்கிழமை. வடக்கே இந்த முறை இரண்டு தேதி பேசிக்கொண்டார்கள், இவர்கள் அங்கிருந்து எடுத்திருக்க வேண்டும்.

சரி, இலக்குகளுக்கு வருகிறேன். ஜனவரி 1 புதன்கிழமை. ஆபீஸ் உண்டு. இரவு சாப்பாடு முடிந்து உட்கார்ந்து எழுதினேன். இப்போது அந்தப் பக்கத்தைப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் அப்படியே தருகிறேன். மாதம் ஒன்று வீதம் 12 சிறுகதை. தினமும் 500 வார்த்தை. 50 புத்தகம் வாசிப்பது. தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு. ஸ்கூட்டி ஓட்டக் கற்பது. ஓர் இலக்கியக் கூட்டத்திலாவது எழுந்து நின்று கேள்வி கேட்பது. அம்மாவிடம் எதிர்த்துப் பேசாமல் இருப்பது. ஐந்தாண்டுக் கனவுக்கு இரண்டு பக்கம் விட்டிருந்ததால் காலியாக விட மனமில்லாமல் ‘யுவ புரஸ்கார்’ என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்தேன். சாகித்ய அகாதெமி 35 வயதுக்கு மேற்படாத எழுத்தாளர்களுக்குத் தரும் விருது, 50,000 ரூபாய். எனக்கு இன்னும் பத்து வருடம் இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். விருதுக்கு முதலில் ஒரு புத்தகம் வேண்டும், புத்தகத்துக்குக் கதை வேண்டும் என்பதெல்லாம் அன்று இரவு பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

பிப்ரவரியில் அந்தப் பக்கத்தைப் பேனாவால் அடித்துவிட்டேன். யாரோ ஒரு குழு முடிவு செய்வதை என் டைரியில் எப்படி இலக்காக எழுதுவது? நாளைக்கு மழை பெய்ய வேண்டும் என்று எழுதி வைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? டைரியின் நாற்பது பக்க முன்னுரையில் இந்த ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை.

இப்போது காகிதம். பெட்டியில் ‘80 ஜிஎஸ்எம் உயர்தரத் தாள்’ என்று அச்சிட்டிருந்தார்கள். எனக்கு மைப் பேனாதான் பழக்கம். முதல் நாளே மை அடுத்த பக்கத்தில் தெரிந்தது. சில இடங்களில் ஊறி மறுபக்கமே வந்துவிட்டது. 80 ஜிஎஸ்எம் தாள் பொதுவாக இப்படிச் செய்யாதே என்று சந்தேகம். ஆபீஸில் எதையும் சரிபார்த்துத்தானே பழக்கம்? கனவுப் பலகைக்கென்று விட்டிருந்த நான்கு வெற்றுத் தாள்களை ஓரம் பிசகாமல் அறுத்தெடுத்தேன். தெற்காவணி மூல வீதிப் பக்கம் நகைப்பட்டறை வைத்திருக்கும் ஆசாரி மாமா எங்கள் தெருக்காரர். அவரிடம் கொண்டுபோனேன். ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் தாளின் எடை எத்தனை கிராம் என்பதுதான். ஏ5 தாள் 148 மில்லிமீட்டருக்கு 210 மில்லிமீட்டர். நான்கு தாள் 80 ஜிஎஸ்எம் என்றால் பத்து கிராமுக்கு ஒட்டி வர வேண்டும்.

மாமா கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த தராசில் தாள்களை நான்காக மடித்து வைத்தார். காற்று படக் கூடாது என்று கூண்டைச் சாத்தினார். “எட்டு கிராம் எழுநூறு மில்லி” என்றார். பிறகு, “என்னம்மா, காகிதத்துலயும் சேதாரமா?” என்று கேட்டார். கணக்குப் போட்டால் 70 ஜிஎஸ்எம் வருகிறது. 70 ஒன்றும் மோசமான தாள் இல்லை. ஜெல் பேனாவுக்கும் பால்பாயிண்டுக்கும் நன்றாகவே தாங்கும். 70 என்று போட்டு விற்றிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். ஆகஸ்டில் அட்டையின் பச்சைத் தோலும் ஓரத்தில் உரிய ஆரம்பித்தது. புகார் எழுதினால், உத்தரவாதம் முப்பது நாள்தான் என்று ஒரு பதில் வந்தது. ஒரு வருட டைரிக்கு முப்பது நாள் உத்தரவாதம்.

பழக்கக் கட்டங்கள்தான் இந்த டைரியின் பெருமை என்று விளம்பரத்தில் சொல்லியிருந்தார்கள். எட்டு பழக்கம், ஒவ்வொன்றுக்கும் 31 கட்டம். செய்தால் டிக். எனக்கு டிக் போடுவது என்றால் ஒரு கிறுக்கு. வவுச்சரில் டிக் போட்டே வளர்ந்தவள். பிப்ரவரியில் ‘எழுதினேன்’ வரிசையில் 28 நாளுக்கு 23 டிக். பெருமையாகத்தான் இருந்தது. மாதக் கடைசியில் என்ன எழுதியிருக்கிறேன் என்று திருப்பிப் பார்த்தேன். பிப்ரவரி 19, இரவு பதினொன்றே முக்காலுக்கு எழுதியது: ‘இன்று மழை வரும் போலிருந்தது. வரவில்லை.’ அதற்கு ஒரு டிக். அதற்கு முந்தைய நாளும் பிந்தைய நாளும் ஏறக்குறைய இதே லட்சணம்தான். 23 டிக்கில் ஒரு கதைகூட இல்லை.

ஏப்ரலில் மொத்தம் ஆறு டிக். அந்த மாதம்தான் இந்த வருடத்தின் முதல் கதையை முடித்தேன். ஆறு நாளும் நீளமாக உட்கார்ந்த நாட்கள். மற்ற நாட்களில் அந்தக் கதை தலைக்குள் ஓடிக்கொண்டிருந்ததற்குக் கட்டம் கிடையாது. மே மாதத்திலிருந்து அந்தப் பக்கங்களை நிரப்புவதை விட்டுவிட்டேன்.

காலாண்டு இலக்கு என்ற ஏற்பாடும் எனக்கு ஒத்துவரவில்லை. இது டைரியின் தப்பு என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஆபீஸுக்கு வருடம் ஏப்ரலில் பிறந்து மார்ச்சில் சாகும். மாதம் என்றால் 11, 20 என்ற இரண்டு தேதிகள்தான், ஜிஎஸ்டி தாக்கல். மார்ச் கடைசி வாரத்தில் ‘உங்கள் முதல் காலாண்டை அமைதியாக அசைபோடுங்கள்’ என்கிறது டைரி. மார்ச் கடைசி வாரத்தில் எங்கள் ஆபீஸில் டீ குடிக்கவே யாராவது ஞாபகப்படுத்த வேண்டும். அதைவிட வேடிக்கை, செப்டம்பர் கடைசியில் ஒரு வாரத்தை ‘ஓய்வு வாரம்’ என்று இளநீல நிறத்தில் அச்சிட்டிருந்தார்கள். இந்த வருடம் தனிநபர் வரித் தாக்கலை ஜூலை 31லிருந்து செப்டம்பர் 15க்குத் தள்ளினார்கள். ஜூலைக் கூட்டம் அப்படியே செப்டம்பரில் வந்து விழுந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு தணிக்கை அறிக்கைகள். அந்த இளநீல வாரம் முழுக்க இரவு ஒன்பது மணி பஸ்ஸில்தான் திருமங்கலம் திரும்பினேன்.

ஜனவரியில் தொடங்கியே ஆக வேண்டும் என்று யார் சொன்னது என்று அப்போது யோசித்தேன். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதத் தொடங்கியது 1736 செப்டம்பரில். 1761 வரை எழுதினார். அவருக்கு யாரும் கட்டம் போட்டுக் கொடுக்கவில்லை.

இப்போது என் பெரிய வழக்கு. திங்கள் முதல் வெள்ளிவரை நாளுக்கு ஒரு பக்கம், 24 வரி. சனிக்கும் ஞாயிற்றுக்கும் சேர்த்து ஒரே பக்கம், ஆளுக்குப் பதினொரு வரி. இலவச டைரிகளில் இப்படி இருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், கவனித்ததில்லை. அது ஆபீஸுக்கான டைரி, ஞாயிறு மூடியிருக்கும், சரி. ‘படைப்பாளிகளுக்கென்றே’ செய்த டைரியிலும் அதையே செய்தால் எப்படி? வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுகிற எந்தப் பெண்ணையாவது கேட்டுப் பாருங்கள், அவளுக்கு வாரத்தில் எழுத்து நாள் ஒன்றுதான். எனக்குச் சனிக்கிழமையும் ஆபீஸ். ஞாயிறு காலை வீட்டு வேலையைத் தங்கையோடு பங்குபோட்டுக்கொண்டு, நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்விடுவேன். அங்கே இரண்டு மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரத்துக்குப் பதினொரு வரி.

முதல் இரண்டு மாதம் ஞாயிறைச் சனியின் இடத்தில் நுழைத்து, அங்கிருந்து திங்களுக்கு வழிய விட்டு எழுதினேன். திங்கட்கிழமை ஆபீஸில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் ‘இன்றைய முக்கியப் பணி’ என்ற தலைப்புக்குக் கீழே ஒரு கிழவி அழுதுகொண்டிருப்பாள். கடைசியில் குன்னத்தூர் சத்திரம் பக்கம் ஒரு கடையில் 60 ரூபாய்க்கு இரண்டு குயர் நோட்டு வாங்கினேன். இந்த வருடம் எழுதிய கதைகள் எல்லாம் அந்த நோட்டில்தான் இருக்கின்றன. 749 ரூபாய் டைரியில் ஒரு கதைகூட இல்லை.

அப்படியானால் இதைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டும் இல்லையா? போடவில்லை. இரண்டு காரணம்.

ஒன்று, பின் அட்டையில் இருக்கும் அந்தக் காகிதப் பை. திருமங்கலத்திலிருந்து மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குத் தினமும் டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணமில்லை, ஆனாலும் சீட்டு கொடுப்பார்கள். காதில் விழுவதை அந்தச் சீட்டின் பின்பக்கம் கிறுக்கி வைப்பது என் பழக்கம். இதுவரை அந்தச் சீட்டுகள் கைப்பையின் அடியில் கிடந்து, பருப்புத் தூளோடு சேர்ந்து, துணி துவைக்கும்போது காணாமல் போகும். இந்த வருடம் எல்லாம் பைக்குள் போயிற்று. ஜனவரியில் ஒரு சீட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘கடை மூடி நாலு வருஷம் ஆச்சு, பேரேடு மட்டும் இன்னும் மூடல.’ ஒரு கிளையண்டின் பழைய கணக்குப்பிள்ளை பஸ்ஸில் பக்கத்து ஆளிடம் சொன்னது. மூன்று மாதம் அந்தச் சீட்டு பைக்குள் இருந்தது. ஏப்ரலில் முடித்த கதை அந்த வரியில்தான் தொடங்குகிறது. பையின் ஒட்டு இன்னும் பிரியவில்லை. அட்டை உரிந்த டைரியில் பை மட்டும் கிண்ணென்று இருக்கிறது.

இரண்டாவது, நிதி இலக்குப் பக்கம். எனக்கு நிதியும் இல்லை, அதற்கு இலக்கும் இல்லை. ஆனால் நான்கு பத்தி போட்ட நல்ல அட்டவணை. அதை அனுப்பிய கதைகளின் கணக்காக மாற்றினேன். தேதி, கதை, எங்கே அனுப்பினேன், பதில். ஆபீஸில் வர வேண்டிய பாக்கியை 30 நாள், 60 நாள், 90 நாள் என்று வயது வாரியாகப் பிரிப்போம். அதே மாதிரி கதைகளையும் பிரித்தேன். பதில் வராமல் 90 நாள் தாண்டினால் வாராக் கடன், எழுதித் தள்ளிவிட்டு வேறு பத்திரிகைக்கு அனுப்பலாம். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் முன்பெல்லாம் ஒரு கதையை அனுப்பிவிட்டு ஆறேழு மாதம் மெயிலைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டு அடுத்ததைத் தொடாமலே இருப்பேன். இப்போது அது ஒரு பாக்கி. பாக்கிக்காக யாரும் கடையை மூடுவதில்லையே.

இந்தக் கணக்குப்படி வருடத்தின் நிலவரம்: முடித்த கதை 4. அனுப்பியது 6 தடவை. வேண்டாம் என்று வந்தது 2, அதில் ஒன்றில் ஆசிரியர் இரண்டு வரி காரணம் எழுதியிருந்தார். வெளியானது 1, அந்தக் கணக்குப்பிள்ளை கதைதான். நிலுவை 3, அதில் இரண்டு 90 நாளைத் தாண்டிவிட்டன.

மற்ற இலக்குகளையும் சொல்லிவிடுகிறேன். புத்தகம் 50க்கு 19. ஸ்கூட்டி நேராக ஓடும், திரும்பத்தான் கஷ்டம். கூட்டத்தில் எழுந்து நின்றேன், கேள்வி மறந்துவிட்டது, நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அம்மா விஷயத்தில் ஜனவரி 3ஆம் தேதியே தோல்வி. தமிழ்99 மட்டும் முழு வெற்றி. உயிரெழுத்து இடது கைக்கு, மெய் வலது கைக்கு என்று பிரித்திருப்பதால் ஒரு தாளம் வந்துவிடுகிறது. ‘க’வை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ‘தமிழ்’ என்று அடிக்க ஐந்தே தட்டு. ஆங்கில எழுத்தில் ஒலி பார்த்து அடித்துக்கொண்டிருந்தபோது வாக்கியம் தலையில் ஆங்கிலமாக ஒருமுறை உடைந்து சேர்ந்த மாதிரி இருக்கும், இப்போது அது இல்லை. கற்க மூன்று வாரம் பிடித்தது, தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம். பழக்கக் கட்டங்களால் உருப்படியாக நடந்த ஒரே காரியம் இதுதான் என்பதையும் சொல்ல வேண்டும். தட்டச்சு மாதிரி கை பழக வேண்டிய விஷயத்துக்கு டிக் போடும் ஏற்பாடு நன்றாகவே வேலை செய்கிறது.

வாங்கலாமா? உடற்பயிற்சி, தட்டச்சு, பரீட்சைப் படிப்பு என்று தினமும் செய்து பழக வேண்டியது இருந்தால் வாங்கலாம். மைப் பேனா ஆட்கள் வேண்டாம். கதை எழுதுகிறவர்கள் இரண்டு குயர் நோட்டு வாங்கி, பின் அட்டையில் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகைக் கவரை ஒட்டிக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட எழுநூறு ரூபாய் மிச்சம். ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால் இரண்டரை. அந்த அரை, பைக்கு.

2026க்குப் பலசரக்குக்காரர் கொடுத்த ஆறில் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். சிவப்பு அட்டை. ராகு காலம், எமகண்டம் எல்லாம் இருக்கிறது, அம்மாவுக்குத் திருப்தி. ஞாயிற்றுக்கு இதிலும் அரைப் பக்கம்தான். நேற்று பஸ்ஸில் வரும்போது இதற்கும் கவர் ஒட்ட வேண்டும் என்று சீட்டில் எழுதினேன். அந்தச் சீட்டை வைக்கப் போனால் பழைய பையில் இடமில்லை. எண்ணிப் பார்த்தேன், 112 சீட்டு இருக்கிறது.